தொழில் பழக ஓர் இடம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஆட்டோமொபைல் பிரிவு மாணவர்களுக்கு உபயோகமாக ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டுப் பந்தியில் ஒரு தம்பியே தலைப்பை எடுத்துக் கொடுத்துவிட்டார். "அண்ணே, மெக்கானிக் வேலை பழகணும். எந்தக் கம்பெனியில அப்ரண்டிஸ் எடுப்பாங்க?" என்றார்.

கம்பெனிப் பெயரை முதலில் கேட்காதே தம்பி. அங்கே என்ன வண்டி வருகிறது, வந்த வண்டியை அங்கேயே பிரிக்கிறார்களா, பிரிக்கும்போது உன்னைப் பக்கத்தில் நிற்க விடுவார்களா? இதை முதலில் விசாரி. பெயர் பெரிதாக இருக்கிற இடத்தில் வருஷம் முழுக்க ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிட்டு வெளியே வந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். சின்ன ஷெட்டில் ஆறே மாதத்தில் கியர் பாக்ஸை இறக்கி ஏற்றப் பழகினவர்களும் உண்டு.

நம் ஊரில் தொழில் பழக ரொம்ப நாளாக இருக்கிற வழி, ஒரு மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்வது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்கிற காது அங்கேதான் பழகும். ஆனால் அஞ்சு வருஷம் கழித்து வளைகுடாவுக்கோ ஒரு பெரிய பணிமனைக்கோ நேர்முகத் தேர்வுக்குப் போனால், "எங்கே பழகினாய், அத்தாட்சி என்ன?" என்பார்கள். மேஸ்திரி பெயரைச் சொன்னால் அங்கே யாருக்குத் தெரியும்?

அந்த அத்தாட்சிக்கு 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் வழி செய்கிறது. முதலில் ஐ.டி.ஐ. போன்ற தொழிற்பிரிவுகளுக்குத்தான் இருந்தது. 1973-இல் செய்த திருத்தத்தில் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் சேர்த்தார்கள். நம் பிள்ளைகளுக்கு ஓராண்டுப் பயிற்சி. தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. முடித்ததும் சான்றிதழ் அங்கிருந்து வரும். ஒன்றைக் கவனியுங்கள்: டிப்ளமோவுக்குப் பதிவு செய்கிற இணையதளம் வேறு, ஐ.டி.ஐ.க்கு வேறு. ஒன்றில் பதிந்துவிட்டு இன்னொன்றில் இடம் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

உதவித்தொகையைப் பற்றிக் கேட்பீர்கள். 2019-இல் திருத்திய விதிகளில் மாதம் குறைந்தது டிப்ளமோவுக்கு 8,000 ரூபாய், ஐ.டி.ஐ.க்கு 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். நீங்கள் சேருகிற மாதத்தில் என்ன தொகை என்று கேட்டு, ஒப்பந்தத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் பதிவாகாமல் "நாளைக்கே வந்து சேருப்பா" என்றால், அது அப்ரண்டிஸ் வேலை கிடையாது. குறைந்த கூலிக்கு ஆள் பிடிப்பது. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தர வேண்டும் என்று சட்டம் பொதுவாகக் கட்டாயப்படுத்தவில்லை. இதை வீட்டிலும் சொல்லிவிடுங்கள். அப்பா அம்மா அதை நிரந்தர வேலை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இனி இடம் பார்க்கிற விஷயம். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் போய் அந்தப் பணிமனைக்கு எதிர்த்த டீக்கடையில் உட்காருங்கள். இரண்டு மணி நேரம் போதும். எத்தனை வண்டி உள்ளே போகிறது, இன்ஜினைத் திறந்து போட்டிருக்கிறார்களா, எல்லாம் தெரிந்துவிடும். போரிங் வேலைக்கும் கிராங்க் கிரைண்டிங்குக்கும் லேத்துப் பட்டறைக்கு அனுப்புவது சகஜம், அதைக் குறையாக எடுக்க வேண்டாம். உள்ளே போக வாய்த்தால் டார்க் ரெஞ்ச் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தூசி படிந்து சுவரில் தொங்கினால் கொஞ்சம் யோசியுங்கள். சிலிண்டர் ஹெட் போல்ட்டை நடுவில் ஆரம்பித்து வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் முறுக்காமல் இரண்டு மூன்று தவணையாக, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் பரீட்சையில் எழுதியிருக்கிறோம். ஆனால் கை அதைப் பழகுவது, முறையாகச் செய்கிற ஒருவர் பக்கத்தில் நின்றால்தான்.

நான் ஓராண்டு பழகியது பஸ் பணிமனையில். அங்கே எஃப்.சி.க்கு வரும் பஸ்ஸைப் பிரிக்கும்போது ஒரு மாணவன் கற்பது நிறைய. பிரேக் டிரம்மைக் கழற்றி லைனிங் தேய்மானத்தை அளப்பது, ஹப்பில் கிரீஸ் மாற்றுவது, ஸ்பிரிங் பட்டையில் விரிசல் பார்ப்பது, ஸ்டியரிங் ஆட்டத்தைச் சரிசெய்வது என்று வண்டியே வகுப்பறையாகிவிடும். லாரி பழக ஆசைப்படுகிறவர்கள் நாமக்கல் பக்கம் விசாரிக்கலாம். கார் என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டர். ஆனால் எந்தெந்தப் பிரிவில் எத்தனை மாதம் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

"டிப்ளமோ படிச்சிட்டு வண்டி கழுவுறதா?" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். கழுவுங்கள். அடிப்பக்கம் கழுவுகிறவனுக்குத்தான் எந்த சீலில் ஆயில் கசிகிறது என்று முதலில் தெரியும். மேஸ்திரி "12-13 எடு" என்றால் பெட்டியைத் துழாவாமல் கையில் கொடுங்கள். ஒரே வாரத்தில் உங்களைப் பக்கத்தில் கூப்பிட்டுக்கொள்வார். மூன்றாவது மாதமும் கழுவிக்கொண்டே இருந்தால் சும்மா இருக்கக் கூடாது. பயிற்சியின் முன்னேற்றத்துக்கு நிறுவனம் பதிவேடு வைக்க வேண்டும் என்பது சட்டம். மரியாதையாக, "சார், என் பதிவேட்டில் இன்னும் இன்ஜின் பக்கம் காலியா இருக்கு" என்று சொல்லுங்கள்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு ஸ்கேனர் இல்லாத பட்டறை பாதி வேலையைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. அதனால் ஸ்கேனர் உள்ள இடமாகப் பாருங்கள். ஆனால் ஸ்கேனர் காட்டுவது சந்தேகம் எங்கே என்பதைத்தான். சென்சார் கோளாறு என்று காட்டும். புது சென்சார் போட்டாலும் விளக்கு அணையாது. கடைசியில் பார்த்தால் எர்த் ஒயர் லூசாக இருக்கும்! மல்டிமீட்டரை எடுத்து ஒயரோடு ஒயராகப் போய்ப் பார்க்கிற மெக்கானிக் ஒருவராவது அங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள்.

இப்போது என் வயது நண்பர்களுக்கு. இந்த மண்டபத்தில் சொந்தமாக ஒர்க் ஷாப் வைத்திருக்கிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். 2019 விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம். நாலு பேர் இருந்தாலே விரும்பினால் எடுக்கலாம். டிப்ளமோ அப்ரண்டிஸின் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும் திட்டமும் இருக்கிறது. "பழக்கி விட்டா ஓடிப் போயிடுறான்" என்று சொல்வீர்கள். போகட்டுமே! நீங்களும் நானும் பழகின இடத்திலேயேவா இருந்துவிட்டோம்?

எடுப்பதானால் ஒன்றை மட்டும் முதலில் வாங்கி வையுங்கள்: நல்ல ஆக்சில் ஸ்டாண்டு நாலு. வெறும் ஜாக்கியை நம்பி ஒரு பையனையும் வண்டிக்கு அடியில் அனுப்பாதீர்கள். பயிற்சியின்போது அடிபட்டால் தொழிலாளிக்கு உள்ள இழப்பீட்டுச் சட்டம் அப்ரண்டிஸுக்கும் பொருந்தும். அதைவிட, அவன் வீட்டில் போய் என்ன சொல்வீர்கள்? தங்கைகள் வந்தால் உடை மாற்றிக்கொள்ள ஓர் அறை வேண்டும். பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

வாசலில் பதிவு மேஜையின் மேல் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பட்டறை இருக்கிற ஊர், வருகிற வண்டிகள், எத்தனை பேரை எடுக்க முடியும் என்று எழுதிவிட்டுப் போங்கள். என் பட்டறைக்கு இரண்டு பேர் என்று முதல் வரியில் எழுதியிருக்கிறேன். இறுதியாண்டுத் தம்பி தங்கைகள் சாயங்காலம் டீ குடிக்கும்போது அதைப் புரட்டிப் பார்க்கலாம்.