கையிருப்பும் பொறுப்பும்



1971இல் போரழிவினூடே பிறந்த நாடு பங்களாதேஷ். அந்நாடே 2021இல் இலங்கைக்கு 20 கோடி டொலர் கைமாற்றாகக் கொடுத்தது. நாம் அதனைத் தவணை பிந்தி 2023இல் தீர்த்தோம்.

2021 முடிவில் 310 கோடி டொலர் ஒதுக்கு உண்டென்று எமது மத்திய வங்கி கூறிற்று. அதிற் பாதியளவு சீனத்துடனான நாணயப் பரிமாற்றம். நினைத்தவுடன் எடுத்துச் செலவிடத் தக்கதன்று. ஈட்டிலுள்ள காணியைக் காட்டிக் கடன் கேட்பவனிடம் எந்த நொத்தாரிசும் முதலிற் கேட்பது, 'பொறுப்பு எவ்வளவு?' என்பதே. பொறுப்புக்களைக் கழித்தால், வங்கியின் தேறிய வெளிநாட்டுச் சொத்து பூச்சியத்துக்குக் கீழே கிடந்தது. இத்தொகை அட்டவணைகளில் அச்சாகாமலில்லை. மேடையில்தான் எவரும் உரைத்திலர். 2022 ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை அரசு நிறுத்தியது. எண்ணெய் வரிசையில் நின்றவாறே மடிந்தோரை நாம் மறந்தோமில்லை.

பங்களாதேஷும் இப்பிழைக்கு விலக்கன்று. 2021 ஆகஸ்டில் 4800 கோடி டொலரைத் தொட்ட அதன் ஒதுக்கு பின்னர் சரிந்தது. 2023 ஜூலையில் சர்வதேச நாணய நிதியத்தின் முறைப்படி கணக்கெழுதியபோது, ஏறக்குறைய 3000 கோடியாகக் காட்டப்பட்ட தொகை 2400 கோடிக்குக் கீழிறங்கிற்று. உள்ளூர் ஏற்றுமதியாளருக்குக் கடன் கொடுத்த டொலரையும் கையிருப்பென்றே எண்ணியிருந்தனர்! எனினும் அந்நாடு முறியவில்லை. எம்மைப்போல் 2007 முதல் பன்னாட்டுச் சந்தையிற் பிணைமுறி விற்று அது கடன்படவில்லை. பெரும்பாலும் குறைந்த வட்டிக்கு, நீண்ட தவணையிலேயே பெற்றது.

ஆதலால், வரவு செலவுத் திட்ட உரையில் நிதியமைச்சர் மொத்தத் தொகையை வாசிக்குமுன், தேறிய தொகையை வாசித்தல் வேண்டுமென நாம் கேட்கின்றோம்.