பால்மரமும் பசியும்



உயிர் வாழ உயிரையே உண்ண வேண்டியிருப்பது ஏன்? புலால் தவிர்த்தாலும் கீரைக்கும் உயிருண்டே என்று என் மகன் வினவியபோது விடையின்றி நின்றேன்.

1867-இல் வடலூரில் தருமச்சாலை கண்ட வள்ளலார் இவ்வினாவை எதிர்கொண்டார். தாவரங்களுக்கும் உயிருண்டென ஒப்பிய அவர், வித்து, காய், கனி கொள்வது நகமும் உரோமமும் களைவதை ஒக்கும் என்றார். வேரோடு பிடுங்கும் கீரைக்கு இவ்விடை போதுமா என்பதே என் ஐயம்.

நம் ஊர் மாவட்ட அலுவலகத்தருகே, 1877-இல் நடப்பட்ட இரப்பர் மரங்களுள் ஒன்று இன்றும் நிற்கின்றது. தோட்டத்தில் மரம் சீவிய என் தாயார், உளி பட்டையைக் கடந்து கட்டையைத் தொட்டுவிடுமோ என அஞ்சியே சீவுவார். காயம் படாத பட்டை மீண்டும் வளரும், பாலும் சுரக்கும். ஆயினும் பால் வற்றிய மரங்கள் சாய்க்கப்பட்டபோது, அவ்விறகிலேதான் எங்கள் வீட்டுச் சோறும் வெந்தது.