விதைநெல்லைத் தெரிபவர் யார்?

(பட்டுக்கோட்டையில் ஆற்றப்பெற்ற பொழிவு)



பட்டுக்கோட்டைப் பகுதி உழவர்க்குக் 'கடைமடை' என்னும் சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. கல்லணைக் கால்வாயில் தலைமடைக்காரன் மதகைத் திருப்பினால்தான் இங்கே நாற்று நனையும். தேர்தலிலும் இஃதே நிலை. வாக்கு மட்டும் இங்கே இடப்பெறுகின்றது. வேட்பாளர் பெயரோ சென்னையிலிருந்தோ தில்லியிலிருந்தோ வருகின்றது. வந்த பெயருக்குக் கொடி பிடிப்பதொன்றே ஊர்க்கிளைத் தொண்டனுக்கு எஞ்சிய வேலை.

அமெரிக்க நாட்டை நோக்குக. அங்குள்ள இரு பெருங்கட்சிகளில், நம்மூரிற் போல் சந்தா கட்டி அட்டை பெறும் உறுப்பினர் என்போர் இலர். வாக்காளர் பட்டியலிற் பெயர் பதியும்போதே 'இன்ன கட்சியைச் சார்ந்தேன்' என எழுதிவிடும் வழக்கம் பல மாநிலங்களில் உண்டு. பொதுத்தேர்தலுக்கு முன்னர் முதனிலைத் தேர்தல் ஒன்று நடக்கும். அதில் வென்றவரே அக்கட்சியின் வேட்பாளர். தலைமைக்கு வேண்டாதவர் வென்றுவிட்டாலும் அவரை அகற்றித் தம் மருகனை நிறுத்தத் தலைவர்க்கு உரிமையில்லை.

இவ்வுரிமை அம்மக்களுக்கு எளிதிற் கிட்டிவிடவில்லை. விசுகான்சின் மாநிலம் 1903-இல் சட்டமியற்றி வழிகாட்டியது. ஆயினும் குடியரசுத் தலைவர் வேட்பாளரைக் கட்சிப் பெருந்தலைகளே நெடுநாள் முடிவு செய்துவந்தனர். 1968-இல் சிக்காகோ மாநாட்டில், முதனிலைத் தேர்தல் எதிலும் நில்லாத அம்ப்ரி என்பார் வேட்பாளராக்கப்பட்டார். அரங்கிற்கு வெளியே இளைஞர் காவலரிடம் அடிபட்டனர். அக்கொந்தளிப்பின் பயனாகவே 1972 முதல் பெரும்பான்மைப் பேராளர்களை மக்கள் வாக்கே முடிவு செய்யலாயிற்று. அதிலும் ஓட்டை இல்லாமலில்லை. பணமுடையார் ஓங்குகின்றனர், 2024-இல் முதனிலையில் வென்ற பைடன் விலகவே, மக்களிடம் மீண்டும் செல்லாமற் பேராளர்களே கமலா ஆரிசைத் தெரிந்தனர்.

"குடவோலை கண்ட தமிழனுக்கு அமெரிக்கனா பாடம் சொல்வது?" என்று மார்தட்டுவார் உளர். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்துவிட்டு மார்தட்டுவது நன்று. முதற் பராந்தகன் காலத்து (919, 921) அவ்வெழுத்துகள் ஒரு பார்ப்பன ஊரவையைப் பற்றியன. நிலமும் மனையும் உடைமையும் மறைநூற் பயிற்சியும் உடையார் பெயரே குடத்தில் இடப்பெற்றது. உழுத குடிக்கு அங்கே ஓலை இல்லை. ஆனால் ஒரு நெறி பொன்னானது: பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடத்திற் பெயரிடத் தகார். இன்றைய கட்சிகள் இவ்வொன்றை ஏற்பின் எத்தனை ஓலைகள் குடத்துக்கு வெளியே கிடக்கும்!

அண்மைச் சான்றும் ஒன்றுண்டு. 1956-இல் திருச்சி மாநாட்டில், தேர்தலில் நிற்கலாமா என்பதைத் திராவிட முன்னேற்றக் கழகம் தொண்டரிடமே கேட்டது. பெட்டிகள் வைக்கப்பட்டன. நிற்கலாம் என 56,942 பேரும், வேண்டா என 4,203 பேரும் வாக்கிட்டனர். நிற்பதா என்று கேட்ட கட்சி, நிற்பவர் யார் என்று கேட்க அப்பெட்டியை ஊர்தோறும் அனுப்பவில்லை. ஏனைய கட்சிகளும் அனுப்பவில்லை. கட்டணம் கட்டி விருப்ப மனு, நேர்காணல், பின்னர்த் தலைமையின் பட்டியல் என்பதே வழக்காயிற்று.

1938-இல் இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைவரை தமிழர் படையை நடத்திச் சென்ற அழகிரி இவ்வூர்ப் பெயரையே தம் பெயராகக் கொண்டவர். எச்சட்டமன்ற இருக்கையும் அவர்க்கு வாய்க்கவில்லை. இன்று அவரனையான் ஒருவன் ஊர்க்கிளையில் இருப்பினும் அவனைத் தெரிந்தெடுக்கத் தொண்டரிடம் கருவி ஏது?

சட்டமும் துணை நில்லாது. மக்கள் சார்பாளர் சட்டத்தில் 1989-இற் செயற்பட்ட 29-அ பிரிவு, கட்சிகளைப் பதியச் சொல்கின்றது. வேட்பாளரை யார் தெரிவது என்று கேட்கவில்லை. 1985-ஆம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச்சட்டமோ, வென்றவரையும் கொறடா ஆணைக்குக் கட்டிவிட்டது.

சின்னம் பெறும் வழியைக் காண்க. தலைமை ஒப்பமிட்ட 'ஏ', 'பி' என்னும் இரு படிவங்கள் வேட்புமனுவின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் அலுவலர் கைக்குச் சேரல் வேண்டும். தொகுதித் தொண்டர் அனைவரும் ஒருவரையே விரும்பினும், அத்தாளில் அவர் பெயர் இல்லையேல் அவர்க்குக் கட்சியின் சின்னம் இல்லை.