விலை வீழ்ந்த காலத்து வீட்டுக் கணக்கு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நமது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் 1929-ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதார மந்தத்தைப் பற்றிக் கூறினேன். விலைகள் வீழ்ந்தன என்றதும், "மலிவு நல்லதுதானே, மாமா?" என்றான் ஒரு சிறுவன். குமாஸ்தாவாகிய நான் அறிந்தது கணக்கு ஒன்றே. ஆகவே கரும்பலகையில் ஓர் உழவர் வீட்டுக் கணக்கை எழுதினேன்.

நெல் விலை ஏறக்குறையப் பாதியாயிற்று. நிலவரியும் கடன் வட்டியும் அந்த அளவுக்குக் குறையவில்லை. முன்பு பத்து மூட்டை விற்றுக் கட்டிய தொகைக்கு இப்போது எத்தனை மூட்டை? "இருபது" என்றனர் பிள்ளைகள். "விளைந்ததே இருபதானால் உண்பது எதை?" என்றேன். வகுப்பு மௌனமாயிற்று.

அக்காலத்து இல்லங்களில் எஞ்சியிருந்தது நகை ஒன்றே. 1931 செப்டம்பரில் இங்கிலாந்து பொன் திட்டத்தைக் கைவிட்டபின் ரூபாய்க் கணக்கில் தங்கத்தின் விலை ஏறிற்று. நாடெங்கும் பெண்மக்களின் வளையும் சங்கிலியும் விலையாகி, உருகிக் கட்டியாகிக் கப்பலேறின. அரசாங்க ஏட்டில் அதற்கு ஏற்றுமதி என்று பெயர்.

வகுப்பு முடிந்ததும் ஒரு சிறுமி தனியே வந்து, "எங்கள் அம்மாவின் வளையலும் அடகில் இருக்கிறது. எனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியாது" என்றாள். எந்த வீட்டுப் பிள்ளை என்பது வேண்டாம். எந்த வீடாகவும் இருக்கலாம்.

பெற்றோர்களே! நமது முடையைப் பிள்ளைகள் அறியாரென்று எண்ணுகிறோம். அவர்கள் அறிந்து, தனியே அஞ்சுகிறார்கள். மாதம் ஒருநாள் அவர்களையும் அருகில் அமர்த்தி வரவு செலவைப் பாருங்கள். கணக்குத் தெரிந்த பிள்ளைக்கு அச்சம் குறையும். பிறர் துயரமும் விளங்கும்.