அடைத்த கல்லை அகற்றுவோம்

(சோமனூரில் திருக்கோயில் விழாவின்போது ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

   

திருவிழா மேடையில் தமிழாசிரியன் ஒருவன் ஏறினால் தலபுராணம் சொல்வான், அல்லது திருமுறைக்கு விளக்கம் சொல்வான் என்று எதிர்பார்ப்பீர்கள். அடியேன் இன்று எடுத்துக்கொண்ட பொருள் பாவைக்கூத்து. பொம்மையாட்டத்திற்கும் கோயிலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. அதனினும் பெரிதாக, உடன்பிறந்தாருக்கும் பாவைக்கூத்திற்கும் ஒரு தொடர்பு உண்டு. அதனைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

நம் நாட்டில் பாவைக்கூத்து இருவகைப்படும். மரத்தால் செய்த பாவையைக் கயிற்றால் ஆட்டுவது ஒன்று. திருவள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தில் உவமையாக்கியது இந்த மரப்பாவையைத்தான். தோலைப் பதப்படுத்தி, உருவம் வெட்டி, வண்ணம் தீட்டி, வெண்திரைக்குப் பின்னே விளக்கேற்றி, திரையோடு ஒட்டி ஆட்டுவது மற்றொன்று. இது தோற்பாவைக்கூத்து. ஆட்டுத்தோலை மயிர் நீக்கிச் சுரண்டிக் கண்ணாடிபோல் ஆக்கிவிட்டால் விளக்கொளி அதனூடே பாய்ந்து, தீட்டிய வண்ணம் திரையில் பூக்கும். இராமாயணமும் அரிச்சந்திரன் கதையும் நல்லதங்காள் கதையும் இக்கூத்தில் பெரிதும் ஆடப்பெற்றவை. நல்லதங்காள் கதை எதனைப் பற்றியது? பஞ்சத்தில் வாடி, பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வந்த தங்கைக்குக் கதவு அடைக்கப்பட்ட கதை. ஊர் ஊராகக் கூடாரம் அடித்த கூத்தர்கள் அதனை ஆடியபோதெல்லாம் நம் தாய்மார்கள் அழுதார்கள். அடைத்த கதவு எந்த வீட்டில்தான் இல்லை?

நம் கொங்கு நாட்டிற்கு மேற்கே, வாளையாறு கடந்தால் பாலக்காடு. அங்கே பகவதி கோயில்களுக்கு எதிரே கூத்துமாடம் என்ற நீண்ட மண்டபம் இருக்கும். திரைக்குப் பின்னே தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்து 21 விளக்குகள் வரிசையாக ஏற்றுவார்கள். திருவிளக்கிலிருந்து கொணர்ந்த சுடரால் அவ்விளக்குகளை ஏற்றுவது மரபு. அங்கே ஆடப்படுவது நம் கம்பநாட்டாழ்வாரின் இராமாயணம். பேச்சு வழக்கு மலையாளமாக உள்ள மண்ணில், தமிழ்ப் பாட்டைப் பாடி, அதற்கு உரை விரித்து, ஒரு பாத்திரம் கேட்க மறு பாத்திரம் விடை சொல்ல, இரவு முழுதும் நடத்துவார்கள். 7 நாள், 14 நாள், 21 நாள் என்று கோயிலுக்கு ஏற்ப நீளும். ஆட்டுவிப்போரைப் புலவர் என்றே அழைப்பார்கள். அப்பரம்பரையில் வந்த கூனத்தறை இராமச்சந்திரப் புலவருக்கு 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

அக்கூத்து ஏன் அம்மன் முன் நடக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு சொல்வார்கள். இராவணனோடு இராமபிரான் பொருதபோது பத்திரகாளி தாருகன் என்னும் அசுரனோடு பொருதுகொண்டிருந்தாள். ஆதலால் இராவண வதத்தை அவள் காணவில்லை. அக்குறை தீர, ஆண்டுதோறும் அவள் திருமுன் அக்கதை ஆடப்பெற வேண்டும் என்று சிவபெருமான் அருளினாராம்.

என் ஆசிரியர் சொல்லக் கேட்டு, இளவயதில் ஒருமுறை நான் அங்குச் சென்றிருந்தேன். நள்ளிரவுக்குப்பின் கேட்போர் ஐந்தாறு பேர்தாம் எஞ்சினர். அவர்களிலும் பாதிப்பேர் உறக்கம். திரைக்குப் பின்னிருந்த புலவர்கள் ஒரு பாட்டையும் குறைக்கவில்லை. கேட்பவள் அம்மன் ஆயிற்றே! கூத்தன் முகம் எவருக்கும் தெரிவதில்லை; சொல் மட்டுமே வெளியே வருகிறது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர்ப் பயன்படும்.

இனி வாலி சுக்கிரீவர் கதைக்கு வருவோம். மாயாவி என்னும் அசுரனைத் துரத்திக்கொண்டு வாலி ஒரு பிலத்துள் புகுந்தான். வாயிலில் தம்பியைக் காவல் நிறுத்தினான். நெடுங்காலம் கழிந்தும் அண்ணன் மீளவில்லை. இறந்தான் என்று துணிந்து தம்பி கலங்கினான். சூழ இருந்தோர், நாட்டை நீயே ஆளவேண்டும் என்றனர். அசுரன் வெளிவந்து அழிவு செய்யாதபடி, பிலத்தின் வாயைப் பெருங்கற்களால் அடைத்துவிட்டுச் சென்றான். அசுரனைக் கொன்று திரும்பிய வாலி பார்த்தது அடைத்த கல்லைத்தான். தம்பியின் கண்ணீரை அவன் பார்க்கவில்லை. கல்லை உதைத்துத் தள்ளினான். கூடவே தம்பியையும் தள்ளினான்.

அன்பர்களே, இங்கே குற்றவாளி யார்? தம்பி பொருளாசையால் அடைக்கவில்லை. அண்ணன் காரணமின்றிச் சினக்கவில்லை. இருவரும் தத்தம் பக்கத்திலிருந்து ஒரே கல்லைப் பார்த்தார்கள். கேட்டுத் தெளிய ஒருவரும் முன்வராததே கேடு.

முடிவில் இராமன் அம்பு பட்டு வீழ்ந்த வாலி, முதலில் வாதிட்டான், பின் தெளிந்தான். தெளிந்தபின் அவன் வேண்டிய வரங்களைக் கம்பர் காட்டுமிடம் நெஞ்சை உருக்குவது. தம்பி மதுவுண்டு மதி மயங்கிப் பிழை செய்தால், என்மேல் விட்ட அம்பை அவன்மேல் விடாதே என்றான். உன் தம்பியர் என் தம்பியைப் பார்த்து, தமையனைக் கொல்வித்தவன் என்று இகழ்ந்தால் அவர்களைத் தடு என்றான். உயிர் போகும் நேரத்தில், தன்னைக் கொல்வித்த தம்பியின் மானத்தைக் காக்கும் அண்ணன்! இந்தப் படலத்தை 25 ஆண்டுகள் வகுப்பில் நடத்தினேன். நடத்தினேனே தவிர, படிக்கவில்லை என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

எப்படி உணர்ந்தேன்? என் கதையையே சொல்கிறேன்.

நாங்கள் உடன்பிறந்தோர் இருவர். அண்ணன் என்னினும் ஐந்து வயது மூத்தவர். எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் ஊரில் தோற்பாவைக் கூத்தர் குடும்பம் ஒன்று பத்து நாள் தங்கி ஆடியது. ஒருவரே எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தார். அவர் மனைவி ஆர்மோனியம் வாசித்தார். அவர்கள் போனபின் நாங்கள் இருவரும் அட்டையில் பாவை வெட்டி, அப்பாவின் வேட்டியைத் திரையாகக் கட்டி, அரிக்கேன் விளக்கை வைத்து ஆட ஆரம்பித்தோம். அண்ணன் வாலி, நான் சுக்கிரீவன். கட்டணம் ஒரு பிடி நிலக்கடலை.

பின்னர் நான் பேரூரில் தமிழ் பயின்று ஆசிரியன் ஆனேன். அண்ணன் அப்பாவோடு விசைத்தறி பார்த்தார். 1983இல் அப்பா காலமானார். காரியம் முடிந்த கையோடு, துணிப்பணம் வசூலிக்க வடநாடு சென்ற அண்ணனிடமிருந்து பல மாதங்கள் தகவல் இல்லை. தறி நின்றது. நூல் கடன் ஏறியது. கூலி கேட்டு ஆட்கள் வந்தார்கள். பங்காளிகள் கூடி, 'இனி அவன் வரமாட்டான், நீயே கையெழுத்துப் போடு' என்றார்கள். நான் ஆறு தறிகளை விற்றுக் கடனை அடைத்தேன். அண்ணன் இருந்த ஊரின் முகவரி என்னிடம் இருந்தது. ஓர் அஞ்சலட்டை எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அண்ணன் திரும்பி வந்தார். அங்கே நோய்வாய்ப்பட்டுக் கிடந்திருக்கிறார். பாதி காலியான தறிக்கூடத்தைப் பார்த்தார். 'நான் செத்துப் போயிட்டேன்னே முடிவு கட்டிட்டயா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நானும் பதில் சொல்லவில்லை. கணக்கு நேராக இருக்கிறது, நான் ஏன் விளக்கம் சொல்ல வேண்டும் என்ற செருக்கு. கற்றவன் என்ற செருக்கு வேறு. அன்று தொடங்கி 21 ஆண்டுகள் பேச்சில்லை. ஒரே வீதி, இரண்டு வாசல். ஒரே கோயில், அவர் வலம் முடித்து வெளியேறியபின்தான் நான் உள்ளே நுழைவேன். இறைவன் திருமுன்பும் அந்தக் கல்லைச் சுமந்துகொண்டுதான் நின்றோம்.

2004இல் கோயில் திருவிழாவுக்குப் பிள்ளைகள் பாவைக்கூத்து ஆட முனைந்தார்கள். ஒருநாள் மாலை அண்ணனின் பேரன் என் வாசலில் வந்து நின்றான். "சின்ன அப்பாரு, வாலி சுக்ரீவன் கூத்துப் போடறமுங்க. வாலிக்கு எங்க அப்பாரு பேசறாருங்க. சுக்ரீவன் யாருக்கும் சரியா வரலீங்க. நீங்க வாங்க" என்றான்.

"உங்க அப்பாரு கூப்பிடச் சொன்னாரா?" என்றேன்.

"அவரு சொல்லலீங்க. சுக்ரீவன் பாட்டு யாருக்குத் தெரியும்னு கேட்டேன். அதுக்கு உன்ற சின்ன அப்பாருக்குத்தான் தெரியும்னாருங்க."

அன்றிரவு திரைக்குப் பின்னே அமர்ந்தேன். அண்ணன் அந்தக் கோடியில். நான் இந்தக் கோடியில். நடுவே விளக்கு. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இருவரும் பாவையைத்தான் பார்த்தோம். ஆனால் கூத்தில் ஒருவர் சொன்னால் மற்றவர் விடை சொல்லியே தீரவேண்டும். 21 ஆண்டுகளாகப் பேசாத வாய்கள், வாலியாகவும் சுக்கிரீவனாகவும் பேசின.

வாலி வீழ்ந்தான். வரம் கேட்கும் இடம் வந்தது. கம்பர் பாடியதை அண்ணன் வசனமாகச் சொன்னார். சொல்லி முடித்துச் சற்று நிறுத்தினார். பிறகு, "என் தம்பி வஞ்சகன் அல்லன். ஏன் அடைத்தாய் என்று ஒருநாளும் நான் அமைதியாகக் கேட்டதில்லை. குற்றம் என்னுடையது" என்றார்.

எனக்கு அந்தப் படலம் முழுவதும் மனப்பாடம். இந்தச் சொற்கள் கம்பரில் இல்லை.

என் கைப்பாவை அசையவில்லை. விடை சொல்லவேண்டிய முறை என்னுடையது, நா எழவில்லை. "சின்ன அப்பாரு, பேசுங்க" என்று சிறுவன் என் முழங்கையைத் தொட்டான். "அண்ணா, நான் உங்களைத் தேடி வந்திருக்க வேண்டும்" என்றேன். திரைக்கு முன்னிருந்தோர் கூத்தின் வசனம் என்றே கேட்டிருப்பார்கள்.

மறுநாள் பழைய கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் அதைத் திறக்கவில்லை. "சோறு உண்டாச்சா?" என்றார். அண்ணியார் இலை போட்டார். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் இருவரும் சேர்ந்தே கோயிலுக்கு வந்தோம். திருவிழாதோறும் சேர்ந்தே பாவை ஆட்டினோம். 2016இல் அண்ணன் மறைந்தார். எஞ்சிய பன்னிரண்டு ஆண்டுகள் இறைவன் தந்தவை. இழந்த 21 ஆண்டுகள் நாங்களே இழந்தவை.

மெய்யன்பர்களே, இதிலிருந்து அடியேன் சொல்ல விழைவது சிறிது. சண்டையிட்ட உடன்பிறந்தாரை எதிரெதிரே அமர்த்தி நியாயம் கேட்டால், கல் இன்னும் கனக்கும். இருவர் கையிலும் ஒரு பொதுப்பணியைக் கொடுங்கள். தேர்வடம் பிடிக்கட்டும், அன்னதானத்திற்கு அரிசி களையட்டும், கும்மிக்கும் ஒயிலுக்கும் ஒரே வரிசையில் நிற்கட்டும். முகம் பார்க்கக் கூசுவோருக்கு ஒரு திரை வேண்டும். அந்தத் திரையாக நம் கோயிற்கலைகள் நிற்கின்றன. அவற்றை அழியவிடலாகாது என்று நான் வேண்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே அமர்ந்திருப்போருள், அண்ணனோடோ தம்பியோடோ தங்கையோடோ பேசாதிருப்போர் இருப்பீர்கள். வாலி தெளிந்தது அம்பு பட்டபின். நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டா. இன்று வீடு திரும்பும்போது அந்த வாசலைக் கடந்துதானே போவீர்கள்? சற்று நின்று, "சோறு உண்டாச்சா?" என்று கேளுங்கள்.

எல்லார்க்கும் உடன்பிறப்பு உறவு தழைக்க இறைவன் அருள்க!