முதலில் நிற்கத் தெரிய வேண்டும்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரை)



இலக்கியத் தொடரில் ஒரு பழைய பிக்கப் வண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கதையும் கவிதையும் எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் வானொலியை அணைத்துவிட வேண்டாம். எழுதுகிறவன் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று அந்த வண்டியிடம் இருந்தது. அதை எனக்குக் கற்பித்தவர் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒரு மெக்கானிக்.

நான் மாத்தளையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன். என் தங்கை எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துப் பிள்ளைகளை வளர்த்தவள். அவளுடைய மூத்த மகன், தோட்டத்துச் சனங்கள் லயத்தைச் சுற்றிப் பயிரிடும் போஞ்சி, கறிமிளகாய், கோவா முதலியவற்றை வாங்கி மாத்தளைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவந்தான். வாடகை முச்சக்கர வண்டிக்குக் கொடுத்தது போக அவன் கையில் மிஞ்சியது சொற்பம். சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் நிமிர்ந்துவிடலாம் என்பது அவன் கணக்கு.

ஆனால் காலம் அவனுக்குச் சாதகமாக இல்லை. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டது. 2025இல்தான் அந்தக் கதவு மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டில் இருந்த பழைய வாகனங்களின் விலையெல்லாம் பொன் விலை ஆயிற்று. சின்ன லொறி ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிய மருமகன் இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை.

அப்போதுதான் உக்குவளையில் ஒரு கொட்டகைக்குள், கோழிகள் முட்டையிடும் இடமாகிக் கிடந்த மொரிஸ் மைனர் பிக்கப் ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டோம். 2021ஆம் ஆண்டு அது. தங்கை தன் இரண்டு வளையல்களையும் தாலிக்கொடியையும் அடகு வைத்தாள். நான் என் சேமிப்பில் கொஞ்சம் போட்டேன். வண்டியை வாங்கியது போகத் திருத்த வேலைக்கென்று ஒரு சிறு தொகை மிஞ்சியது. அந்தத் தொகைக்குள் எல்லாம் முடிய வேண்டும். முடியாவிட்டால் வண்டியும் இல்லை, வளையலும் இல்லை.

மொரிஸ் மைனரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார் அது. பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதலாவது பிரித்தானியக் கார் என்ற பெயரும் அதற்குண்டு. 1953இல் அதே வண்டி வேன் ஆகவும் பிக்கப் ஆகவும் வந்தது. காருக்கு உடலும் அடித்தளமும் ஒன்றே. பிக்கப்புக்கோ தனியான சட்டகம் உண்டு. நம் ஊர்களில் சொல்வதுபோல் சொன்னால், 'செஸி'. எங்கள் வண்டிக்கு ஏற்றலாம் என்று வகுக்கப்பட்ட பாரம் ஐந்து அந்தர். ஏறக்குறைய 250 கிலோ.

அதன் இலக்கத் தகட்டில் 'ஸ்ரீ' எழுத்து இருந்தது. 1958இல் அந்த ஓர் எழுத்துக்காகத் தார்ச் சட்டிகளும் தடிகளும் தெருவுக்கு வந்தன என்பதை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அது வண்டியின் வயதைக் காட்டும் அடையாளம் மட்டுமே.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு மாத்தளையில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். அதை நடத்துபவர் அறுபது வயது கடந்த முஸ்லிம் பெரியவர். எல்லாரும் நானா என்றே அழைப்பார்கள். உதவிக்கு ஒரு சிங்கள டிங்கர் பாஸ், கோலயாவாக வேலை பழகும் ஒரு தோட்டத்துப் பையன். மூன்று மொழியும் கலந்துதான் அங்கே ஆணி கழலும்.

இங்கே என் மடமையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வண்டியை நானாவிடம் காட்டுவதற்கு முன்பே, பெயின்ட் அடிக்கும் ஒருவரிடம் நான் முற்பணம் கொடுத்திருந்தேன். பச்சை நிறம். தைப்பொங்கலுக்கு வண்டி புதிதுபோல் தோட்டத்துக்குள் நுழைய வேண்டும், தங்கை அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. நானாவிடம் அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. கோலயாப் பையனை அழைத்து முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கச் சொன்னார். சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டினார். சக்கரம் பல் விழப்போகிற பிள்ளையின் பல்லைப்போல ஆடியது.

"மாஸ்டர், இங்க பாருங்க" என்றார்.

மொரிஸ் மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் கால், கீழே புரி வெட்டிய ஒரு கட்டைக்குள் திருகி நிற்கிறது. 'ட்ரனியன்' என்பார்கள். சக்கரம் திரும்பும்போதெல்லாம் அந்தப் புரியும் திரும்புகிறது. அடிக்கடி கிரீஸ் போட்டால் எத்தனை காலமும் உழைக்கும். போடாமல் விட்டால் புரி தேய்ந்து, ஒருநாள் கால் கட்டையைவிட்டுக் கழன்று சக்கரம் வெளியே மடிந்துவிடும். எங்கள் வண்டியில் புரி என்று சொல்ல ஒன்றிரண்டு கோடுகளே மிஞ்சியிருந்தன.

"எல்கடுவ றோட்டுல எத்தன வளைவு இருக்கு மாஸ்டர்? எந்த வளைவுல இது கழரும்னு நீங்க சொல்லுங்க, அதுக்குப் பொறகு நம்ம பச்சப் பெயின்ட் அடிப்பம்."

நான் வாயடைத்து நின்றேன். மருமகன் என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தான். நானா குரலைத் தணித்துச் சொன்னார்: "வண்டிக்கு மொதல்ல நிக்கத் தெரியணும். ரெண்டாவது திரும்பத் தெரியணும். ஓடுறது மூணாவது. அழகு கடைசி. காசு இருக்கிறவங்க எல்லாத்தையும் ஒண்டா செய்யலாம். காசு இல்லாதவங்க வரிசை மாறினா தொலஞ்சம்."

அன்றிரவு நானும் மருமகனும் ஐந்து கடித உறைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கையிலிருந்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் முப்பது பிரேக்குக்கு, இருபத்தைந்து முன்காலுக்கும் ஸ்டியரிங்குக்கும், இருபது செஸிக்கு, பதினைந்து எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும், மிச்சம் பத்து வயருக்கும் விளக்குக்கும். பெயின்டுக்கு உறை இல்லை. ஓர் உறையிலிருந்து இன்னோர் உறைக்குக் காசு தாவக்கூடாது என்பது மருமகன் போட்ட சட்டம்.

பிரேக் உறை முதலில் திறந்தது. இந்த வண்டியின் பிரேக் எண்ணெய்ப் பாத்திரமாகிய மாஸ்டர் சிலிண்டர், சாரதியின் காலடித் தட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. கண்ணில் படாததால் பலரும் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழிதான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போய்விடும். ரப்பர்களை மட்டும் மாற்றினால் மலிவாக முடியுமே என்று நான் கேட்டேன். நானா சிலிண்டருக்குள் என் விரலை விடச் சொன்னார். உள்ளே அம்மைத் தழும்புபோல் துருக்குழிகள். அந்தச் சுவரில் புது ரப்பர் ஒரு மாதம்கூடத் தாங்காது என்றார். இரண்டைப் புதிதாக வாங்கினோம். குழி ஆழமில்லாத மற்றவற்றுக்கு லேத் பட்டறையில் உள்ளே குழாய் இறக்கினோம். மலிவு எது, சிக்கனம் எது என்ற வித்தியாசத்தை அன்று விரல் நுனியில் தெரிந்துகொண்டேன்.

சாமான்களுக்கு மருமகன் விடியற்காலை ரயிலில் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனான். பழைய வாகன உதிரிகளுக்குப் பேர்போன அந்தத் தெருவில், தேய்ந்த பழைய கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஒப்பிட்டுப் பார்த்தே வாங்க வேண்டும் என்று நானா சொல்லி அனுப்பியிருந்தார். மொரிஸ் மைனர் என்றால் இலங்கையில் சாமான் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்குக் காரணமும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், ஒரு காரை எறியாமல் திருத்தித் திருத்திக் காலமெல்லாம் வைத்திருப்பதே சிக்கனம் என்று 1982இல் ஒரு புத்தகமே எழுதினார். அவருடைய கூட்டு முயற்சியாக 1990களில் நம் மாத்தறையில் மொரிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. வெள்ளைக்காரன் செய்த வண்டிக்கு மாத்தறைக்காரன் கைகள் உயிர் கொடுத்தன. மாத்தளைக்காரர்கள் நாங்களும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டோம்.

செஸி வேலை டிங்கர் பாஸுடையது. அவர் சிறு சுத்தியலால் சட்டகம் முழுவதும் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு மணிபோல ஒலித்தது. உக்கிய இடம் மண்சட்டிபோலச் சத்தமிட்டது. அந்த இடங்களில் சோக்கட்டியால் வட்டம் போட்டார். துருவின் மேல் தகடு வைத்து ஒட்டுவது புண்ணின் மேல் புதுச் சட்டை போடுவதற்குச் சமம் என்பது அவர் கொள்கை. நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எறிந்த பின்னரே வெல்டிங். அதற்கு முன்பாகப் பெற்றோல் தாங்கியைக் கழற்றி முற்றத்தின் அந்தக் கோடியில் வைக்கச் செய்தார். கதவில் ஒரு காந்தத்தை வைத்துக் காட்டினார். அது ஒட்டாமல் கீழே விழுந்தது. தகட்டுக்கு மேல் அவ்வளவு தடிப்பாகப் பட்டி பூசி யாரோ முன்பு பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வாங்கும்போது என் கண்ணைப் பறித்தது அந்தப் பளபளப்புத்தான்.

எஞ்சினை முழுதாகக் கழற்ற வேண்டிவரும் என்று பயந்திருந்தோம். நானா நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தார். ஒன்றில் குறைவு. அதற்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தார். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வில் குறை என்று விளக்கினார். ஏறவில்லை. மேல்மூடியை மட்டும் கழற்றி வால்வுகளை அரைத்துப் போட்டதோடு அந்த உறை தப்பியது. அளக்காமல் கழற்றியிருந்தால் அதுவே மற்ற உறைகளையும் விழுங்கியிருக்கும்.

பொங்கலுக்கு வண்டி வரவில்லை. மாசி பிறந்த பிறகு, சாம்பல் நிற அடிப்பூச்சோடு, பார்ப்பதற்கு நோயாளிபோல, ஆனால் உறுதியாகத் தோட்டத்துக்குள் ஏறியது. தங்கை சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, பெயின்டு அடிக்கலயா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லு முன் மருமகன் சொன்னான்: "இல்லம்மா, பிரேக்கு அடிச்சிருக்கோம்."

தம்புள்ளைப் பொருளாதார நிலையம் 1999இல் தொடங்கிய நாள் முதல் மரக்கறி வியாபாரம் என்றால் எல்லாருடைய கண்ணும் அங்கேதான். மருமகனுக்கும் அந்த ஆசை இருந்தது. நானா மறுத்துவிட்டார். 250 கிலோ, மாத்தளைச் சந்தை, இறக்கத்தில் சின்ன கியர். இவை மூன்றும் அவர் போட்ட நிபந்தனைகள். மருமகன் இன்றுவரை மீறவில்லை.

2022இல் பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்றதை மறக்க முடியுமா? ஓகஸ்ட்டில் கியூஆர் முறை வந்து பங்கீடு கிடைக்கத் தொடங்கியது. மருமகன் தன் பங்கில் நாலைந்து லீற்றரைத் தொடாமல் வைத்திருப்பான். "ராத்திரியில யாருக்கும் ஏதும் ஆனா?" என்பான். அப்படி ஓர் இரவும் வந்தது. மழை. பிரசவ வேதனையில் ஒரு பெண். முன் இருக்கையில் அவளும் அவளுடைய தாயும். பின்தட்டில் படங்குக்குக் கீழே அவள் புருஷனும் நானும். உக்குவளைக்கு இறங்கும் ஒவ்வொரு வளைவிலும் வண்டி தயங்கி, பணிந்து, நின்று, திரும்பியது. படங்கைப் பிடித்துக்கொண்டு நான் வளைவுகளை எண்ணினேன். எந்த வளைவில் கழரும் என்று நானா கேட்ட கேள்வி ஒவ்வொன்றிலும் என் காதில் ஒலித்தது. மாத்தளை ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோதுதான் மூச்சு வந்தது. பிள்ளை நலமாகப் பிறந்தது. அந்தப் பச்சைப் பெயின்டுக்கு நான் கொடுத்த முற்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. மற்றப் பாதியை என் படிப்புக் கட்டணம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நேயர்களே, கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, நாலந்தா கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியில் பசியாலும் வாந்திபேதியாலும் விழுந்தவர்கள் பலர். அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறோம், இன்னும் எழுத வேண்டும். அதே மலையில் இன்று ஒரு பையன் தன் தாயின் வளையலை உறைகளில் பங்கிட்டு ஒரு வண்டியை நிற்கவைத்திருக்கிறான். இதையும் யாராவது எழுத வேண்டாமா?

மாத்தளைக்கு அருகே அளுவிகாரையில்தான், வாய்வழி வந்த திரிபிடகம் கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஏட்டில் ஏறியது என்பார்கள். ஓதுபவர்கள் பஞ்சத்தில் மறைந்துபோனால் ஓதலும் மறைந்துவிடுமே என்ற அச்சம் அதற்குக் காரணம். நானாவின் கையில் உள்ள கல்வியும் வாய்வழிக் கல்விதான். இப்போது நான் வாரம் ஒருநாள் கராஜுக்குப் போய் அவர் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். கோலயாப் பையன் அதைப் படித்துத் திருத்துகிறான்.

அந்தக் கொப்பியின் முதற் பக்கத்தில் நானாவின் வரிசை இருக்கிறது: நிற்பது, திரும்புவது, ஓடுவது, அழகு. கதை எழுத உட்காரும்போதும் அதை ஒருமுறை புரட்டிக்கொள்கிறேன். எழுத்திலும் நான் முதலில் பச்சைப் பெயின்டுக்கு முற்பணம் கொடுத்துவிடுகிறவன்தான்.

சென்ற ஆண்டு தங்கையின் வளையல்கள் மீண்டு வந்துவிட்டன. தாலிக்கொடி இன்னும் அடகில். வண்டி இன்னும் சாம்பல் நிறத்தில். ஆறாவது உறை ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். அதன் மேல் மருமகன் 'பச்சை' என்று எழுதியிருக்கிறான்.