நெஞ்சுக்குள் சூடு வைக்கும் வைத்தியம்

(நூற்றாண்டு விழாவையொட்டி உக்குவளையில் நடந்த பழைய மாணவியர் ஒன்றுகூடலில், வைத்தியராகப் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தில் காலைக் கூட்டம் நடக்கும்போது, பின்வரிசையில் ஒருத்தி சுவரில் சாய்ந்து நிற்பாள். தை மாதக் குளிரில் அவளுடைய மூச்சின் விசில் சத்தம் முன்வரிசை வரை கேட்கும். சிரித்திருக்கிறோம். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

போன வருடம் அவள் தொலைபேசியில் கேட்டாள்: "நெஞ்சுக்குள்ளே குழாய் விட்டு சூடு வைச்சா இழுப்பு போயிடுமாமே? மிளகுத் தோட்டத்தை வித்துட்டு இந்தியாவுக்குப் போகலாம்னு அவர் சொல்றாரு. போகட்டுமாடி?"

அப்படி ஒரு சிகிச்சை உண்மையாகவே வந்தது. பெயர் பிராங்கியல் தெர்மோபிளாஸ்டி. ஆஸ்துமா நாள்பட்டால் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை தடித்துப்போகும். சிறு தூசிக்கும் இறுகிக்கொள்ளும். வாய் அல்லது மூக்கு வழியாக வளையும் குழாய்க் கருவியை விட்டு, அதனுள்ளே மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்துவார்கள். அதன் நுனி சிறு கூடைபோல விரிந்து சுவரைத் தொடும். 65 பாகை வெப்பம், 10 விநாடி. பிறகு சற்று நகர்த்தி மீண்டும் அதே வேலை. கத்தி இல்லை, தையல் இல்லை. சுமார் மூன்று வார இடைவெளியில் மூன்று தடவை: வலது கீழ்ப்பகுதி, இடது கீழ்ப்பகுதி, கடைசியில் இரு பக்க மேற்பகுதிகள்.

அமெரிக்கா 2010இல் இதற்கு அனுமதி கொடுத்தது, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். அதற்கு ஆதாரமான ஆய்வில் 288 பேர். சிகிச்சை பெற்றவர்களுக்குக் கடுமையான இழுப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் சிகிச்சை நடந்த வாரங்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் இழுப்பு கூடி வைத்தியசாலையில் தங்க நேர்ந்தது. இன்னொரு வேடிக்கை: குழாயை மட்டும் விட்டு, சூடு வைக்காமல் எடுத்த ஒரு கூட்டமும் இருந்தது. அவர்களிலும் நூற்றுக்கு 64 பேர் வாழ்க்கை இலேசாகிவிட்டது என்றார்கள். சூடு வைத்தவர்களில் 79 பேர். மனசுக்கும் மூச்சுக்கும் உள்ள உறவைப் பாருங்கள்! பிறகு சில வகை ஆஸ்துமாவுக்குப் புதிய ஊசி மருந்துகளும் வந்ததால், இந்தச் சிகிச்சைக்குப் பொருத்தமானவர்கள் இன்னும் குறைந்துவிட்டார்கள்.

"தோட்டத்தை விற்க முன்னம் உன் பம்பை எடுத்துக்கொண்டு வா" என்றேன். வந்தாள். கையில் நீலப் பம் மட்டும். பிரவுன் பம் எங்கே? அலுமாரியில். "பழகினா விட முடியாதுன்னு மாமியார் சொன்னாங்க." நீலம் இறுகிய குழாயை அந்த நேரத்துக்குத் திறக்கும், உள்ளே உள்ள வீக்கத்தை ஆற்றுவது பிரவுன்தான். இழுப்பு இல்லாத நாளிலும் அதை எடுக்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் காசு வாங்காமல் கொடுத்த மருந்து, அலுமாரியில் தூங்கியிருக்கிறது!

எடுக்கும் முறையும் பிழை. வாய்க்குள் அடித்து விழுங்கினாள். நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். பிரவுன் என்றால் பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும். இதை யாரும் அவளுக்குச் செய்துகாட்டியிருக்கவில்லை. விறகடுப்பையும் கூரைக்கு வெளியே மாற்றச் சொன்னேன்.

இழுப்பு அடியோடு போய்விடவில்லை. ஆனால் ஆறு மாதமாக இரவில் வைத்தியசாலைக்கு ஓடவில்லை. மிளகுக் கொடிகள் அப்படியே நிற்கின்றன.

மருந்தை முறையாக, முழு அளவில் எடுத்தும் இழுப்பு அடங்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நெஞ்சுநோய் நிபுணரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வெலிசறையில் சுவாச நோய்களுக்கென்றே தேசிய வைத்தியசாலை இருக்கிறது. அடுத்து என்ன சிகிச்சை என்ற பேச்சு அங்கே தொடங்கட்டும்.

தேநீர் இடைவேளையில் நான் நூலக வாசலில் இருப்பேன். கைப்பையில் பம் வைத்திருப்பவர்கள் வாருங்கள். எப்படி எடுக்கிறீர்கள் என்று பார்ப்போம். என் தோழியும் அங்கே இருப்பாள். செய்துகாட்டப்போவது அவள்தான்.